பல்லாவரத்துக் கோடாரியும் எங்க வீட்டு அஸ்திவாரமும்

எங்க தெரு வாட்ஸப் குரூப்ல போன மாசம் ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. "15 லட்சம் வருடங்களுக்கு முன்பே பல்லாவரத்தில் கோடாரி செய்தவன் தமிழன்! பெருமையாக இருந்தால் பகிரவும்." எங்க ஏரியாக்காரங்களுக்குக் கேக்கணுமா, பெருமை பொங்கிருச்சு. தங்கமணி கூட எனக்கே அதை அனுப்பி வச்சாங்க.

இதுல உண்மை இருக்கு, புருடாவும் இருக்கு. ரெண்டையும் பிரிச்சு வைக்கலாம்னு உக்காந்தா, கணக்கு, பௌதிகம், மனோதத்துவம், கல் உடைக்கிற வித்தைன்னு நாலு திசையில இழுத்துட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கோங்க மக்களே.

மொதல்ல உண்மை. பீச்-தாம்பரம் லோக்கல்ல திரிசூலத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவுல வருமே, அதே பல்லாவரம்தான். 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்காரர், வயசு 28. 1858ல இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில வேலைக்குச் சேந்து, மெட்ராஸ் சுத்துவட்டாரத்துப் பாறைகளை வரைபடத்துல குறிக்கிறதுக்காக அலைஞ்சிட்டிருந்தார். பல்லாவரம் கன்டோன்மென்ட்டுக்குக் கொஞ்சம் வடக்கே கிராவல் தோண்டின ஒரு சின்னக் குழி. வெளியே அள்ளிக் கொட்டின குவியல்ல ஒரு கல். குவார்ட்சைட். ரெண்டு பக்கமும் செதுக்கி, ஒரு முனை கூரா, கைக்கு அடக்கமா. இந்தியாவுல பழைய கற்காலக் கருவின்னு அடையாளம் கண்ட முதல் கல் அதுதான்.

மே மாசக் கடைசி வெயில்ல கிராவல் குவியலைக் குனிஞ்சு பாக்கணும்னு ஒருத்தருக்கு ஏன் தோணுச்சு? நாலு வருஷம் முன்னாடி, 1859ல, ஃபிரான்ஸ்ல சோம் ஆத்தங்கரையில பூஷே த பெர்த் எடுத்த கற்கருவிகள் நிஜம்தான்னு பிரெஸ்ட்விச், எவான்ஸ்னு ரெண்டு இங்கிலாந்துக்காரங்க நேர்ல போய்ப் பாத்து ஒத்துக்கிட்டாங்க. அந்தச் செய்தி ஃபூட்டுக்குத் தெரியும். அப்படி ஒண்ணு இங்கயும் இருக்கலாம்னு கண்ணு தயாரா இருந்துச்சு. அந்தக் குழியைத் தோண்டின கூலிக்காரங்க கையில எத்தனை கோடாரி பட்டுச்சோ யாருக்குத் தெரியும். அவங்களுக்கு அது மண்வெட்டியில இடிக்கிற கல்லு.

அதே வருஷம் செப்டம்பர் 28ல ஃபூட்டும் அவர் சகா வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆத்துப் பள்ளத்தாக்குல, பூண்டிக்குப் பக்கத்துல இருக்கிற அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க. இந்த ரெண்டு ஊரையும் குழப்பிக்காதீங்க. ஃபார்வர்டோட கோளாறே அங்கதான் ஆரம்பிக்குது.

இப்ப ஒரு கேள்வி. பல்லாவரம், திரிசூலம் பக்கம் இருக்கிற மலை பூரா கருங்கல். சார்னோக்கைட்னு பேரு. கல்கத்தாவை உருவாக்கினதா சொல்ற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் இந்த வகைதான். அதை வச்சுத்தான் 1893ல தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு அவர் பேரை வச்சார். பல்லாவரத்துப் பாறைக்குக் கல்கத்தா கல்லறையில இருந்து பேரு! சரி, காலடியில இவ்வளவு கருங்கல் கிடக்கும்போது கோடாரி மட்டும் ஏன் குவார்ட்சைட்ல?

நானே உடைச்சுப் பாத்தேன் (சிரிக்காதீங்க). பக்கத்துல வீடு கட்டுற இடத்துல இருந்து முக்கால் இஞ்ச் ஜல்லி ரெண்டு, மணல் சலிச்சப்ப சல்லடையில தங்கின பழுப்புக் கூழாங்கல் நாலு. மொட்டை மாடியில கண்ணாடி மாட்டிக்கிட்டு, சுத்தியலோட உக்காந்தேன். ஜல்லி பொலபொலன்னு உதிர்ந்துச்சு, இல்லைன்னா மொண்ணைக் கட்டியா ரெண்டா போச்சு. பெரிய பெரிய மணியா பல கனிமம் சேந்த கல் அது. வெடிப்பு ஓடும்போது மணிக்கு மணி தடுக்கி, திசை மாறிடுது. கூழாங்கல்லுல மூணு வீணாப் போச்சு. நாலாவதுல ஒரு சில்லு பிரிஞ்சுது பாருங்க, ஓரம் சவரக்கத்தி மாதிரி. கட்டை விரல்ல இன்னும் தழும்பு இருக்கு. குவார்ட்சைட்ல மணல் மணியும் சிலிக்கா, ஒட்டி வச்சிருக்கிறதும் சிலிக்கா. அதனால வெடிப்பு மணிகளைச் சுத்திப் போகாம ஊடுருவி, வழவழன்னு சிப்பி மாதிரி வளைஞ்சு ஓடும். அந்த மாதிரிக் கல் வடமேற்கே அல்லிக்குழி மலைப் பக்கத்துப் பாறை அடுக்குகள்ல உருண்டை உருண்டையா கிடக்குது. ஆக, கல்லைப் பாத்ததும் இது ஆகும், இது ஆகாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு அந்தக் கோடாரியைச் செஞ்சவரு. இன்னிக்கு மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங்னு நாலு வருஷம் படிக்கிறாங்க.

அந்தச் சில்லு ஏன் அப்படிப் பிரியுதுன்னும் தெரிஞ்சிருக்கு. 1881ல ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் (ரேடியோ அலை ஹெர்ட்ஸேதான்) ரெண்டு வளைவான பொருள் மோதினா அழுத்தம் எப்படிப் பரவும்னு கணக்குப் போட்டார். கண்ணாடி மாதிரிப் பொருள்ல அடி விழுந்தா கூம்பு வடிவத்துல வெடிக்கும். துப்பாக்கி ரவை பட்ட ஜன்னல் கண்ணாடியில பாத்திருப்பீங்க. நம்ம சி.வி. ராமன் கூட கல்கத்தாவுல இருந்தப்ப, 1919ல, கண்ணாடி மேல குண்டு மோதி உண்டாகிற இந்த உருவங்களைப் பத்தி நேச்சர் இதழ்ல ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருக்கார். கல் செதுக்குறவன் நடுவுல அடிக்காம விளிம்புக்குப் பக்கத்துல அடிப்பான். முழுக்கூம்பு வராது, அதுல ஒரு கீத்து சில்லாப் பிரியும். அந்தச் சில்லுல அடிபட்ட இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பு இருக்கும். ஆத்துல உருண்டு தானா உடைஞ்ச கல்லையும் மனுசன் உடைச்ச கல்லையும் பிரிக்க இந்தப் புடைப்பும், வரிசையா விழுந்த சில்லுத் தடங்களும்தான் முக்கிய சாட்சி.

கணக்கு எங்க வருதுன்னா, சமச்சீர்ல. கைக்கோடாரியை நடுவுல மடிச்சா இடமும் வலமும் எவ்வளவு பொருந்தும்? பாத்தா அழகா இருக்குன்னு சொல்றது ஆய்வு ஆகாதே. 1998ல இதித் சரகுஸ்தியும் சகாக்களும் விளிம்புக்கோட்டைப் புள்ளிகளாக்கி, முழுச் சமச்சீருக்கு அந்தப் புள்ளிகளை எவ்வளவு நகர்த்தணும்னு அளந்தாங்க. இஸ்ரேல்ல வெவ்வேறு காலத்து மூணு இடங்களோட கோடாரிகளை ஒப்பிட்டா, காலம் போகப்போக சமச்சீர் கூடியிருக்கு. மாடு உரிக்க இவ்வளவு அழகு எதுக்குன்னு கேட்டு, 1999ல கோன், மித்தன்னு ரெண்டு பேர் 'பொண்ணுங்களைக் கவரத்தான்'னு ஒரு கட்டுரை எழுதினாங்க. பைக்கை முறுக்குற பயலுகளுக்கு முப்பாட்டன்! நிறைய பேர் ஒத்துக்கலை. நானும் ஒத்துக்கலை. மொட்டை மாடியில விரலை வெட்டிக்கிட்டப்ப தங்கமணி முகத்துல நான் பாத்தது வேற :)

மனோதத்துவம் எனக்குப் பிடிச்ச பகுதி. 2015ல தாமஸ் மார்கன், நடாலி உவோமினி குழு 184 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. கல்லுல சில்லு எடுக்கணும். சிலருக்குச் செஞ்சு முடிச்ச சில்லு மட்டும் கையில கிடைக்கும். சிலர் அடுத்தவர் செய்றதைப் பாக்கலாம். சிலருக்குக் கையைப் பிடிச்சுக் காட்டுவாங்க, சிலருக்குச் சைகை, கடைசியா வாயால சொல்லித் தர்றது. சும்மா பாத்துக் கத்துக்கிட்டவங்க பெருசா எதுவும் தேறலை. சொல்லிக் குடுத்தப்பதான், அதுலயும் பேச்சு வந்தப்ப, வித்தை நல்லா ஒட்டுச்சு. எங்க அம்மா அக்காவுக்குக் கோலம் கத்துக் குடுத்தது ஞாபகம் வருது. பக்கத்துலயே உக்காந்து பாத்த எனக்கு இன்னிக்கும் புள்ளியைச் சுத்தி இழுக்க வரலை.

அப்ப கோடாரி செஞ்சவங்க பேசினாங்களா? இங்கதான் சண்டை. அமெரிக்காவுல டீட்ரிக் ஸ்டவுட் குழு கல் செதுக்குறவங்க மூளையை ஸ்கேன் பண்ணி, கைக்கோடாரி செய்யும்போது பேச்சு சம்பந்தப்பட்ட பகுதிக்கு நேர் எதிர்ப்பக்கம், வலது மூளையில, வேலை நடக்குதுன்னு 2008ல காட்டினாங்க. 2017ல ஷெல்பி புட் குழு, பேச்சே இல்லாத வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவங்களைச் சோதிச்சு, இதுல வேலை செய்றது காட்சியை மனசுல நிறுத்துறது, கேக்குறது, கையை இயக்குறது இதெல்லாம் சேந்த வலைப்பின்னல், பியானோ வாசிக்கிற மாதிரின்னு சொன்னாங்க. எனக்கென்னமோ ரெண்டாவதுதான் நம்புற மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணு, ஸ்கேன்ல படுத்ததெல்லாம் இன்னிக்கு மனுசங்க மூளை. செஞ்சவன் மூளை வேற.

ஏன் வேறன்னா, வயசு. 15 லட்சம்ங்கிற எண் வந்தது அத்திரம்பாக்கத்துல இருந்து. சென்னை சர்மா மையத்தோட சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு 1999ல இருந்து அங்க தோண்டினாங்க. மேல்மண்ணுல கிடக்கிற குவார்ட்ஸ் மேல காஸ்மிக் கதிர் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10னு ரெண்டு கதிரியக்க அணுவும் ஏறக்குறைய ஏழுக்கு ஒண்ணுங்கிற விகிதத்துல சேரும். கல் ஆழமாப் புதைஞ்சதும் புதுசா சேர்றது ஏறக்குறைய நின்னுடும். ரெண்டு குடத்துல தண்ணி பிடிச்சுக் குழாயை மூடிட்டீங்க, ஒண்ணுல பெரிய ஓட்டை, ஒண்ணுல சின்ன ஓட்டைன்னு வச்சுக்கோங்க. அலுமினியம் சுமார் 7 லட்சம் வருஷத்துல பாதியாகும், பெரிலியம் சுமார் 14 லட்சம் வருஷத்துல. மிச்சத்தை ஒப்பிட்டா குழாயை எப்ப மூடினாங்கன்னு தெரியும். ஆறு கற்கருவிகளை அப்படி அளந்து, சராசரி 15.1 லட்சம் வருஷம்னு 2011ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு. 2018ல நேச்சர்ல அடுத்தது: அதே இடத்துல மேல் அடுக்குகள்ல 7,200க்கும் மேல கருவிகள், மணல் மணி கடைசியா வெயில் பாத்தது எப்பன்னு ஒளியை வச்சு அளந்தா 3,85,000ல இருந்து 1,72,000 வருஷம் வரைக்கும். பெரிய கைக்கோடாரி குறைஞ்சு சின்னச் சின்னக் கருவிகள் வந்த காலம்.

ஹோமோ சேபியன்ஸ்னு நாம சொல்ற இனத்துக்கே இதுவரை கிடைச்ச சாட்சி ஆப்பிரிக்காவுல சுமார் 3 லட்சம் வருஷம்தான். 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி செதுக்கினவன் தமிழனும் இல்லை, தெலுங்கனும் இல்லை, நம்ம இனமே இல்லை. அத்திரம்பாக்கத்துல கருவியோட எலும்பும் கிடைக்கலை, அதனால அவன் யாருன்னும் சொல்ல முடியாது.

பல்லாவரத்துக் கோடாரிக்கு வயசு என்ன? இந்த இயந்திரங்கள் எதாலயும் நேராச் சொல்ல முடியாது. ஃபூட் எடுத்தது குவியல்ல இருந்து. எந்த அடுக்குல, எவ்வளவு ஆழத்துல கிடந்துச்சுன்னு சொல்ல வேண்டிய மண்ணைக் கூலிக்காரங்க முன்னாடியே புரட்டிட்டாங்க. அத்திரம்பாக்கத்துக் கல் பேசினதே அது கிடந்த களிமண் ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குக் கலையாம இருந்ததாலதான். கல்லை நாம எழும்பூர் மியூசியத்துல பத்திரமா வச்சிருக்கோம், ஃபூட் சேகரிப்பு அங்கதான் இருக்கு. மண்ணைத்தான் வித்துட்டோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1994ல சேலையூர்ல எங்கப்பா வீடு கட்டினார். தாழ்வான மனை, மழைத் தண்ணி நிக்கும். பேஸ்மென்ட் நிரப்ப கிராவல் அடிச்சோம். எத்தனை லோடுன்னு எண்றது என் வேலை, பன்னெண்டு லோடு எண்ணினேன். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராவல் சார், கெட்டியா நிக்கும்னு டிரைவர் சொன்னார். செக்கச் செவேல்னு செம்பூராங்கல், நடுநடுவே உருண்டைக் கல்லுங்க. பெரிய கல்லைப் பொறுக்கித் தூரப் போடச் சொன்னார் மேஸ்திரி. நானும் தம்பியும் பொறுக்கினோம், சிலதை வேப்பமரத்து அணில் மேல எறிஞ்சோம். அப்புறம் தண்ணி விட்டு, திமிசுக் கட்டை போட்டு இடிச்சாச்சு. ஃபூட் குனிஞ்சு பாத்தது இந்த மாதிரி மண்ணைத்தான்னு எனக்கு அப்ப யாரும் சொல்லலை, பள்ளிக்கூடப் புஸ்தகத்துல பல்லாவரம்னு ஒரு வரி படிச்சிருந்தும். எங்க ஹாலுக்குக் கீழே என்ன கிடக்கோ. எதுவும் இல்லாமயும் இருக்கலாம். தோண்டிப் பாத்தாலும் பிரயோசனமில்லை, அதுவும் ஒரு குவியல்தான்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிட்டு, அப்படியே வடக்குப் பக்கம் நடந்தேன். வீடு, குவார்ட்டர்ஸ், சுவரு, ரோடு. ஒரு இடத்துல பைப் போடத் தோண்டியிருந்தாங்க. ஓரமா செம்மண் குவியல். குனிஞ்சு பாத்துட்டிருந்தேன்.

"என்னா சார், எதுனா தொலைச்சிட்டியா?"ன்னார் பள்ளத்துக்குள்ள நின்னவர்.

"இல்லண்ணே, சும்மா"ன்னு சொல்லிட்டு ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். முக்கால் இஞ்ச் ஜல்லி.