கடைசியில் ஒரு புள்ளி

எழுபதுகளில், இணையத்தின் தாத்தாவான ஆர்ப்பாநெட்டில் ஒரு புதுக் கணினியைச் சேர்த்து அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊருக்குப் போன் போட வேண்டும். அதுவும் ஆபீஸ் நேரத்தில். அங்கே எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் 'நிக்' என்று ஒரு பிரிவு இருந்தது. 1972-லிருந்து 1989 வரை அதற்குத் தலைவி எலிசபெத் ஃபீன்லர். எல்லோரும் கூப்பிட்டது 'ஜேக்' என்று. நீங்கள் கேட்கும் பெயர் ஏற்கெனவே யாருக்காவது போய்விட்டதா என்று பார்த்து, இல்லையென்றால் உங்கள் கணினியின் பெயரையும் எண்ணையும் ஒரு கோப்பில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கோப்புக்குப் பெயர் 'ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட்'. இணையம் முழுவதற்கும் ஒரே கோப்பு! ஊர்ப் பெரியவர் கையில் இருக்கும் மொய் நோட்டு மாதிரி.

அதற்கு முன்னால் அது கூட இல்லை. ஒவ்வொரு நிலையமும் தன் இஷ்டத்துக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது. இது அபத்தம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் வேண்டும் என்று பீட்டர் டாய்ச் என்பவர் 1973 டிசம்பரில் எழுதினார் (ஆர்.எஃப்.சி. 606). சில மாதங்களில், 1974-ல், மென்லோ பார்க் பட்டியல் நெட்வொர்க்கிலேயே கிடைக்க ஆரம்பித்தது. எல்லாக் கணினிகளும் அவ்வப்போது வந்து பிரதி எடுத்துக்கொண்டு போகும்.

உங்கள் கணினியில் இன்றைக்கும் அதன் வாரிசு இருக்கிறது. லினக்ஸில் 'ஈடிசி' அடைவுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு கோப்பு. விண்டோஸிலும் உண்டு, 'டிரைவர்ஸ்' அடைவுக்குள்ளே ஒளிந்திருக்கும். ஆபீஸில் சிஸ்டம் அட்மின் ஏதாவது வலைத்தளத்தை மறைக்க நினைத்தால் முதலில் கை வைப்பது இங்கேதான் :-)

ஒரே பட்டியல் என்பது நூறு, இருநூறு கணினிக்குச் சரி. கூட்டம் கூடக் கூட மூன்று தொல்லைகள். கோப்பு பெருத்தது, அதை எடுக்க வருகிறவர்களும் பெருகினார்கள், மென்லோ பார்க் இயந்திரம் திணறியது. நீங்கள் பிரதி எடுத்து முடிப்பதற்குள் அங்கே நாலு வரி மாறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, எங்கோ ஒரு மூலையில் இருக்கும் பல்கலைக்கழகம் தன் கணினிக்குத் தானே பெயர் வைக்க முடியாது. பெயர் வைக்கும் உரிமை ஒரே ஒரு ஆபீஸிடம்!

தீர்வு கண்டுபிடிக்கும் வேலை பால் மொக்கபெட்ரிஸ் என்பவரிடம் வந்தது. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. என்ற நிறுவனத்தில் இருந்தார். வேலையைக் கொடுத்தவர் ஜான் போஸ்டல் (இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்). ஏற்கெனவே ஐந்து யோசனைகள் மேசையில் இருந்தன. அவற்றைப் பார்த்து ஒரு சமரசம் சொல்லு என்பதுதான் உத்தரவு. மொக்கபெட்ரிஸ் ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டுத் தானே புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1983 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 882, 883 இரண்டும் அதுதான். டி.என்.எஸ். பிறந்தது அப்படி.

அவர் செய்தது என்ன என்று புரிய, தபால் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். கடித உறையில் நாம் மேலே ஆள் பெயர், பிறகு தெரு, கடைசியில் ஊர், பின்கோடு என்று எழுதுகிறோம். ஆனால் கடிதங்களைப் பிரிக்கிறவர் கீழேயிருந்துதான் படிப்பார். பூனாவில் போட்ட கடிதம் கும்பகோணம் போக வேண்டுமானால், பூனாக்காரருக்கு மேலத்தெரு எங்கே என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கும்பகோணத்துக்குப் போகும் பையில் போட்டால் போதும். டொமைன் பெயரும் அப்படித்தான், வலமிருந்து இடமாக. முதலில் 'இன்' யாரிடம் இருக்கிறது என்று வேரைக் கேள். 'இன்' வைத்திருப்பவரிடம் 'கோ' எங்கே என்று கேள். அவரிடம் இன்னும் உள்ளே... கடைசியில் அந்தந்த வீட்டுக்காரரே தன் வீட்டு அறைகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வார். மென்லோ பார்க்குக்குப் போன் போட வேண்டாம்.

நெறிமுறை எழுதியாயிற்று, நிரல் வேண்டுமே? மொக்கபெட்ரிஸே 'ஜீவ்ஸ்' என்று ஒன்று எழுதினார், ஆனால் அது டாப்ஸ்-20 என்ற இயங்குதளத்துக்கானது. யூனிக்ஸுக்கு எழுதியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர்: டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிக்கிள், சொங்னியன் சௌ. அமெரிக்க ராணுவத்தின் 'டார்ப்பா' பணத்தில் 1984-ல் எழுதிய அந்த நிரல்தான் 'பைண்ட்'. பெர்க்லி இன்டர்நெட் நேம் டொமைன் என்பதன் சுருக்கம். பிறகு டெக் கம்பெனியிலிருந்து வந்த கெவின் டன்லப் அதைத் தேற்றினார். அதற்குப் பிறகு அதே டெக்கில் வேலை பார்த்த பால் விக்ஸி கையில் வந்தது. 1994-ல் விக்ஸியும் இன்னும் இருவரும் சேர்ந்து ஐ.எஸ்.சி. என்ற லாப நோக்கமற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பைண்ட் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது கறுப்புத் திரைக்கு வருவோம். பைண்டின் முக்கிய நிரலுக்குப் பெயர் 'நேம்டு'. நேம் டீமன் என்பதைச் சுருக்கியது. ஆரம்ப காலத்தில் இதனுடன் பேச ஒரே வழி 'கில்' கட்டளை. பெயர்தான் கொலைகாரப் பெயர், உண்மையில் அது சிக்னல் அனுப்புவது. 'ஹப்' சிக்னல் கொடுத்தால் கோப்புகளைத் திரும்பப் படிக்கும். 'இன்ட்' கொடுத்தால் மனசில் இருப்பதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டும். 'யூசர் ஒன்' கொடுத்தால் என்ன செய்கிறேன் என்று புலம்ப ஆரம்பிக்கும், திரும்பக் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் புலம்பும், 'யூசர் டூ' கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும். ஒரு வேலைக்காரரைத் தோளில் தட்டி, முதுகில் தட்டி வேலை வாங்குவது போல. அப்புறம்தான் 'என்.டி.சி.' வந்தது. 2000 செப்டம்பரில் பைண்ட் 9 வந்தபோது 'ஆர்.என்.டி.சி.'. இது 953-ஆம் போர்ட்டில் ரகசியச் சாவி வைத்துப் பேசும். 'ஆர்.என்.டி.சி. ரீலோட்' என்று தட்டினால் போதும்.

கேள்வி கேட்க இரண்டு கருவிகள். பழையது 'என்.எஸ்.லுக்கப்'. அடுத்தது 'டிக்'. டிக்கை எழுதியவர் ஸ்டீவ் ஹாட்ஸ், அதே ஐ.எஸ்.ஐ.காரர். பைண்ட் 9 வந்த புதிதில் என்.எஸ்.லுக்கப்பைக் கூப்பிட்டால் "நான் ஓய்வு பெறப் போகிறேன், டிக்கைப் பயன்படுத்து" என்கிற ரீதியில் ஒரு எச்சரிக்கை வரும். பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தது, ஓய்வு பெறவேயில்லை. கடைசியில் எச்சரிக்கையைத்தான் எடுத்தார்கள். அரசு அலுவலகப் பதவி நீட்டிப்பு மாதிரி :-)

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் ஆச்சரியமான விஷயம் ஸோன் கோப்புதான். ஒரு டொமைனின் விவரங்கள் இருக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. மேலே 'எஸ்.ஓ.ஏ.' என்ற தலைப்பு, கீழே வரிக்கு ஒரு பெயர். 1983-ல் மொக்கபெட்ரிஸ் வகுத்த அமைப்பு, நாற்பது வருஷம் தாண்டியும் ஏறக்குறைய அப்படியே. அன்றைக்கு எழுதியதை இன்றைக்கு வருகிற பையன் 'விஐ'யில் திறந்து படித்துவிடலாம். நம் துறையில் வேறு எதற்கு இந்த ஆயுசு?

ஆனால் அந்தக் கோப்பு மன்னிக்காது. ஒரு முழுப் பெயரை எழுதினால் கடைசியில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிதான் வேர். வைக்காவிட்டால் 'இவர் சொல்வது அரைப் பெயர்' என்று நினைத்துக்கொண்டு, டொமைன் பெயரைப் பின்னால் ஒருமுறை ஒட்டிவிடும். தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி போடாவிட்டால் அர்த்தம் மாறுவதைப் போல. சின்ன விஷயமாகத் தெரிகிறதா? 2009 அக்டோபர் 12 அன்று ஸ்வீடன் நாட்டின் '.எஸ்இ' முழுவதும் படுத்தது. சுமார் 9 லட்சம் டொமைன்கள். பராமரிப்பு வேலையின்போது ஓடிய ஸ்கிரிப்ட் அந்தக் கடைசிப் புள்ளியைப் போடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் தப்பான பதிலை ஏற்கெனவே வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்ட வழங்கிகள் உலகமெங்கும் இருந்ததால், தொல்லை மேலும் நீடித்தது.

இன்னொரு கண்ணி, சீரியல் எண். கோப்பை மாற்றும்போதெல்லாம் இதைக் கூட்ட வேண்டும். பெரிய எண்ணைப் பார்த்தால்தான் துணை வழங்கிகள் புதுப் பிரதி எடுக்கும். வருஷம், மாதம், தேதி, அன்றைய எத்தனையாவது மாற்றம் என்று பத்து இலக்கத்தில் எழுதுவது வழக்கம். இங்கே பூனாவில் 2007-ல் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சக ஊழியர் (மலையாளி, தங்கமான மனுஷன்) 2007031501 என்பதற்குப் பதில் 2070031501 என்று தட்டிவிட்டார். துணை வழங்கிகள் அதை வாங்கிக்கொண்டன. மறுநாள் சரியான எண் போட்டால், "இது பழசு" என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2070 வரை காத்திருக்க வேண்டியதுதானா?

வேண்டாம். அந்த எண் 32 பிட், உச்சம் 4294967295. அதற்கு மேல் போனால் கடிகாரம் மாதிரி பூஜ்யத்துக்கு வரும். 1996-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1982 இந்தக் கணக்கைத் தெளிவாக்கியது. இருக்கும் எண்ணோடு 2147483647-ஐக் கூட்டு. 4217515148 வரும். துணை வழங்கிகள் எல்லாம் அதை வாங்கும்வரை பொறு. பிறகு 2007031502 போடு. வட்டத்தைச் சுற்றி வந்ததால் இப்போது அதுதான் 'பெரியது'! ராத்திரி ரெண்டு மணிக்கு இது வேலை செய்ததைப் பார்த்து அந்த மனுஷர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

சரி, போஸ்டல். ஒரே ஆபீஸிடம் இருந்த உரிமையைப் பிரித்துக் கொடுத்தாயிற்று என்றேன். ஆனால் வேர்? அது யாருடையது? இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்காமல் பல வருஷம் ஓட்டினார்கள். 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அரசாங்கத்தைச் சாராத வேர் வழங்கிகளை நடத்திய எட்டுப் பேருக்கு. "இனிமேல் வேர்க் கோப்பை வழக்கமான இடத்திலிருந்து எடுக்காதீர்கள், என் இயந்திரத்திலிருந்து எடுங்கள்" என்பது சாரம். எட்டுப் பேரும் செய்தார்கள், விக்ஸி உள்பட. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டவர் போஸ்டல், அவ்வளவுதான். வழக்கமான இடம் என்பது அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் இயங்கிய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ். பாதி இணையத்துக்கும் மேல் வேர் மாறியது, பயனாளர் ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளை மாளிகைக்குத் தெரிந்தது! கிளிண்டனின் ஆலோசகர் ஐரா மாகஸினர் தலையிட்ட பிறகு, அது ஒரு 'சோதனை' என்று சொல்லிப் போஸ்டல் பழையபடி மாற்றினார்.

சோதனையா, யார் கையில் அதிகாரம் என்று காட்டியதா? இரண்டாவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த வருஷம் செப்டம்பரில் ஐகான் உருவானது. அக்டோபர் 16 அன்று போஸ்டல் இறந்துபோனார். ஒரு மனிதரின் வார்த்தைக்காக எட்டு வழங்கிகள் திசை மாறும் காலம் அதோடு முடிந்தது.

நம்பிக்கை ஆட்டம் கண்ட இன்னொரு சந்தர்ப்பம் 2008. டி.என்.எஸ். கேள்விக்கு ஓர் எண் உண்டு, 16 பிட். பதிலிலும் அதே எண் வந்தால் உண்மை என்று வழங்கி நம்பும். மொத்தமே 65,536 எண்கள். டான் காமின்ஸ்கி, திருட்டுப் பதில்களை வேகமாக அனுப்பி இந்த எண்ணை ஊகித்து, ஒரு டொமைனையே கடத்த முடியும் என்று கண்டுபிடித்தார். பத்திரிகைக்குப் போகவில்லை. விக்ஸியிடம் சொன்னார். மார்ச் கடைசியில் ரெட்மண்டில் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் நிபுணர்கள் ரகசியமாகக் கூடினார்கள். ஜூலை 8 அன்று போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டன. கேள்வி கிளம்பும் போர்ட்டையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவதுதான் திருத்தம். இதில் ஒரு வேடிக்கை: டி.ஜே. பெர்ன்ஸ்டைன் எழுதிய 'டிஜேபிடிஎன்எஸ்' பல வருஷம் முன்பிருந்தே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அவருடைய குணத்துக்காக அவர் சொன்னதைக் கேட்காதவர்கள் நிறைய. காமின்ஸ்கி 2021-ல், 42 வயதில் இறந்துவிட்டார்.

நம் ஊர்ப் பக்கம்? '.இன்' 1989-லேயே ஒதுக்கப்பட்டது. மும்பையில் என்.சி.எஸ்.டி. பார்த்துக்கொண்டது. கெடுபிடி அதிகம். 2004 முடியும்வரை பதிவான பெயர்கள் சுமார் 7,000தான். மென்லோ பார்க்குக்குப் போன் போட்ட காலமே தேவலை! 2005 ஜனவரியில் நிக்ஸி பொறுப்பில் கதவைத் திறந்தார்கள், கூட்டம் குவிந்தது. அதே வருஷம் வேர் வழங்கிகளின் நகல்களும் இந்தியாவுக்கு வந்தன. சென்னைக்கு வந்தது 'எஃப்', விக்ஸி தொடங்கிய ஐ.எஸ்.சி. நடத்தும் வேர்.

தமிழ்ப் பெயர்கள் 2010, 2011-ல் வந்தன: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. ஆனால் கறுப்புத் திரையில் ஸோன் கோப்பைத் திறந்தால் அங்கே தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறெதுவும் கூடாது என்று மென்லோ பார்க் பட்டியலுக்குப் போட்ட விதியை ஒட்டியே பெயர்கள் எழுதப்படுகின்றன. அதனால் 'இந்தியா' என்பது 'எக்ஸ்', 'என்', இரண்டு இடைக்கோடு, அதற்குப் பின்னால் யாருக்கும் புரியாத ஒரு ஆங்கில எழுத்துக் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தின் முடிவில் ஒரு புள்ளி.