பேதியும் வெங்காரமும்: ஃப்ளக்சஸ் என்ற பெயர்

1961ஆம் ஆண்டின் கோடைக்காலம் பற்றிக் கலைஞர் யோகோ ஓனோ பின்னாளில் எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் ஜார்ஜ் மாசியூனஸ் என்ற லிதுவேனிய இளைஞர், நாமெல்லாம் செய்துகொண்டிருக்கிற இந்தக் கலைக் காரியத்துக்கு ஒரு பெயர் யோசித்துச் சொல் என்று அவரிடம் கேட்கிறார். இதை ஓர் இயக்கமாக ஆக்குவதே தப்பு என்று நினைத்த ஓனோ பெயர் எதையும் யோசிக்கவில்லை. மறுநாள் மாசியூனஸ் தடித்த அகராதி ஒன்றைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டுகிறார். ‘ஃப்ளக்சஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் அவர் சிரித்தபடி தொட்டுக் காட்டியது, கக்கூஸில் தண்ணீர் அடித்துக் கழிவைத் தள்ளிவிடுவது என்ற பொருளை. இதுதான் பெயர் என்கிறார். ஓனோவுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லையாம்.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பிறப்புச் சான்றிதழாக இதை வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கோடைக்கு முன்பே, வசந்த காலத்திலேயே, அந்தச் சொல் அச்சேறிவிட்டது. மாசியூனஸும் அவருடைய நாட்டுக்காரரான அல்முஸ் சால்சியுஸும் மேடிசன் அவென்யூவில் ஒரு கலைக்கூடம் வைத்திருந்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ஏஜி கேலரி’ என்று பெயர். அங்கே பழைய இசை, புதிய இசை பற்றி நடத்திய தொடர் நிகழ்ச்சிக்கு அச்சிட்ட அழைப்பிதழில், நுழைவுக்கு நீங்கள் தரும் மூன்று டாலர் ‘ஃப்ளக்சஸ்’ பத்திரிகையை வெளிக்கொணர உதவும் என்று இருக்கிறது. அதற்கும் முன்பு, 1960 கடைசியில், நியூயார்க்கிலிருந்த லிதுவேனிய அகதிகளின் பண்பாட்டுக் குழுவுக்காக ஒரு பத்திரிகை தொடங்கும் பேச்சு நடந்திருக்கிறது. பெயர் முதலில் யோசிக்கப்பட்டது அந்தப் பத்திரிகைக்குத்தான். சொல்லாராய்ச்சி செய்பவர்களுக்குப் பழகிப்போன சங்கதி இது. பெயர் வைத்தவரின் நண்பர்கள் சொல்லும் கதை ஒன்று, காகிதம் சொல்வது வேறொன்று. நான் காகிதத்தின் பக்கம். என்றாலும் ஓனோவின் கதையில் ஓர் உண்மை தங்கியிருக்கிறது. மாசியூனஸின் விரல் எந்தப் பொருளின் மேல் போய் நின்றது என்பதே அது.

ஃப்ளக்சஸ் லத்தீன் சொல். ‘ஃப்ளூயெரெ’ என்றால் ஒழுகு, ஓடு, பாய். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ஃப்ளக்சஸ்: ஒழுக்கு, பெருக்கு. இதே சொல் பெயரடையாக வரும்போது தளர்ந்தது, நிலையில்லாதது என்ற பொருளும் உண்டு. நமக்குத் தெரிந்த பல ஆங்கிலச் சொற்கள் இந்த ஊற்றிலிருந்து வந்தவைதான். நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதர்மேல் ஒழுகி நோயைக் கொண்டுவருகிறது என்ற பழைய நம்பிக்கையில் இத்தாலியர் வைத்த பெயர் ‘இன்ஃப்ளுயென்சா’. நியூட்டன் தன் நுண்கணிதத்துக்கு வைத்துக்கொண்ட ‘ஃப்ளக்ஷன்’ இந்தக் குடும்பம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் ‘காந்தப்பாயம்’ என்று படிக்கிறோமே, அந்த இடத்தில் ஆங்கில நூல் ‘ஃப்ளக்ஸ்’ என்கிறது. தெருமுனையில் தலைவர் படத்தோடு நிற்கும் ஃப்ளெக்ஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது வளைதலைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வேர்.

ஆங்கிலத்துக்குள் ‘ஃப்ளக்ஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தபோது முதலில் குடியேறிய இடம் மருத்துவம். சீதபேதிக்கு ‘ரத்த ஃப்ளக்ஸ்’ என்று பெயர். பட்டாளங்களையும் கப்பல்களையும் சிறைகளையும் காலிசெய்த நோய். அழகிய நீரோட்டம் என்ற பொருளெல்லாம் பின்வரிசையில்தான். அதற்கும் பிறகு உலோகத் தொழிலில் ஓர் இடம் கிடைத்தது. ஈயம் பற்றவைக்கும்போது உலோகத்தின்மேல் படிந்த துருவையும் அழுக்கையும் கரைத்து, உருகிய ஈயம் ஒழுங்காகப் பரவி ஒட்டிக்கொள்ளச் செய்யும் பொருளுக்கு ஃப்ளக்ஸ் என்று பெயர். ரேடியோ, செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் அந்தப் பெயரிலேயே டப்பியில் இருக்கும். நம் பொற்கொல்லர் பட்டறையில் இந்த வேலையைச் செய்வது வெங்காரம். பொடியை வைத்து, ஊதுகுழலால் ஊதி, இரண்டு துண்டையும் ஒன்றாக்குவார்கள். ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்ற வழக்கு அந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள்.

ஒழுக்கு, பேதி, பற்றவைப்பு என்ற இந்த மூன்று பொருளையும் தெரிந்தேதான் மாசியூனஸ் கையில் எடுத்தார். அதற்குச் சான்று 1963 பிப்ரவரியில் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் கலைக்கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியில் கூட்டத்துக்குள் வீசப்பட்ட ஒற்றைத் தாள். ஃப்ளக்சஸ் அறிக்கை என்று கலை வரலாற்றில் குறிப்பிடப்படுவது அதுதான். நிழற்படங்களில் பார்த்தாலே அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியும். அகராதியில் ‘ஃப்ளக்ஸ்’ என்ற சொல்லுக்குரிய விளக்கங்களை வெட்டி மூன்று இடங்களில் ஒட்டியிருக்கிறார். இடையிடையே தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். குடலிலிருந்து வெளியேறுவது என்ற அகராதிப் பொருளுக்கு அடியில், உலகத்திலிருந்து பூர்ஷ்வா நோயையும் செத்துப்போன கலையையும் பேதியாக்கி வெளியேற்றச் சொல்கிறார். பெருக்கு, அலை என்ற பொருளுக்கு அடியில், கலையில் புரட்சிகரமான வெள்ளத்தைக் கிளப்பச் சொல்கிறார். உலோகத்தை இணைப்பது என்ற பொருளுக்கு அடியில், பண்பாட்டு, சமூக, அரசியல் புரட்சிக்காரர்களை ஒன்றாக உருக்கி இணைக்கச் சொல்கிறார். அறிக்கைக்கென்று தனியாக ஒரு தத்துவம் அவர் எழுதவில்லை. அகராதி போட்ட வரிசையைக் கட்டளையாக்கிவிட்டார். சொல்லாராய்ச்சியையே கொள்கையாக வைத்த கலை இயக்கம் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன். டாடா என்ற கலை இயக்கத்தின் பெயரும் அகராதியில் கத்தியைச் செருகி எடுத்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் அங்கே அர்த்தம் இல்லாமலிருப்பதுதான் பெருமை. மாசியூனஸுக்கோ அர்த்தங்கள் போதவில்லை.

தமிழில் ‘பேதி’ என்றால் நோயும் அதுதான், மருந்தும் அதுதான். பேதியாகிறது என்றால் வருந்துகிறோம். பேதிக்குக் கொடுத்திருக்கிறது என்றால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. மாசியூனஸ் நினைத்தது இந்த இரண்டாவது பேதியைத்தான். அந்தத் தாளில் அவருடைய தோழர்கள் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அவர்கள் செய்தது என்ன? ஏஜி கேலரி பணமில்லாமல் மூடிய பிறகு, 1961 இறுதியில் மாசியூனஸ் ஜெர்மனிக்குப் போய் அமெரிக்க விமானப்படையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். வேலை வீஸ்பாடன் நகரில். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். ஊர்ப்பெயரிலேயே குளியல் இருக்கிறது. அந்த ஊர் அருங்காட்சியக அரங்கில் 1962 செப்டம்பரில் வார இறுதிகளில் ‘ஃப்ளக்சஸ்’ என்ற பெயரைத் தாங்கிய முதல் விழா நடந்தது. புத்தம்புதிய இசை என்று அறிவித்திருந்தார்கள். வந்தவர்கள் கேட்டதும் பார்த்ததும் வேறு. கலைஞர் நாம் ஜூன் பைக் தன் தலைமுடியை மையும் தக்காளிச் சாறும் கலந்ததில் முக்கி, தரையில் விரித்த நீண்ட காகிதத்தில் தலையாலேயே கோடு இழுத்துக்கொண்டு போனார். கோடு இழுத்து அதைத் தொடர்ந்து போகும்படி லா மான்டி யங் எழுதியிருந்த இசைக்குறிப்பை அவர் நிறைவேற்றிய விதம் அது. ஜார்ஜ் பிரெக்ட் எழுதிய ‘சொட்டு இசை’க்கு வேண்டியது ஒரு வெற்றுப் பாத்திரமும் மேலிருந்து சொட்டும் நீரும் மட்டுமே.

ஊரைக் கொதிக்கவைத்தது பியானோ. இசையமைப்பாளர் பிலிப் கார்னர் எழுதிய இசைக்குறிப்பில் பியானோவின் பல பாகங்களை உரசு, தட்டு, மேலே பொருளைப் போடு என்று இருந்ததே ஒழிய உடைக்கச் சொல்லி இல்லை. அவர் அங்கே இருக்கவும் இல்லை. மேடையில் இருந்தவர்கள் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் பியானோவை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தீர்த்துவிட்டார்கள். மாசியூனஸ் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தைச் சாவகாசமாகச் சொல்கிறார்: ஐந்து டாலருக்கு வாங்கிய பழைய பியானோ, அதை முழுசாக அப்புறப்படுத்த ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்திருக்கும், துண்டுதுண்டாக்கினால் குப்பையில் போட்டுவிடலாம், ஆகவே இது மிகவும் பயன்பாடுள்ள இசைப்படைப்பு. ஷோப்பானின் வாத்தியத்தை இப்படிச் செய்யலாமா என்று ஜெர்மானியர்கள் புண்பட்டார்கள். விழாச் சுவரொட்டியில் யாரோ, பைத்தியங்கள் அவிழ்த்துவிடப்பட்டிருக்கின்றன என்று எழுதிவைத்தார்கள்.

நான் இந்த உடைப்பு வேலைகளில் அவ்வளவாக மயங்குவதில்லை. பேதி என்ற பொருளை மேடையில் செய்து காட்டியது என்பதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஃப்ளக்சஸ் எனக்குப் பிடிபட்டது ஆலிசன் நோல்ஸ் என்ற கலைஞரிடம். 1962 அக்டோபரில் லண்டனில் அவர் மேடையில் காய்கறி நறுக்கிச் சாலட் கலந்து வந்தவர்களுக்குப் பரிமாறினார். படைப்பு முழுவதும் அவ்வளவுதான். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கின் செல்சீ பகுதியில் ஒரு சாதாரண உணவகத்தில் தினமும் ஒரே மதியச் சாப்பாட்டையே சாப்பிட்டுவந்தார். சூரை மீன் வைத்த கோதுமை ரொட்டி சாண்ட்விச், வெண்ணெய், லெட்டூஸ் கீரை, மயோனைஸ் கூடாது. கூடவே ஒரு பெரிய டம்ளர் மோர், அல்லது ஒரு கிண்ணம் சூப். நீ தினமும் ஒன்றையே சாப்பிடுகிறாய் என்று பிலிப் கார்னர் கவனித்துச் சொன்ன பிறகு, அது ‘ஒரே மாதிரி மதியச் சாப்பாடு’ என்ற படைப்பாயிற்று. நண்பர்களும் அதே கடையில் அதையே வரவழைத்துச் சாப்பிட்டுக் குறிப்பெழுதினார்கள். அன்றாடம் என்பது திரும்பத் திரும்ப வருவது, ஆனால் ஒருபோதும் அச்சாக ஒன்றாக வராதது என்பதைத் தட்டில் வைத்துக் காட்டிய வேலை. மாசியூனஸ் என்ன செய்தார் தெரியுமா? சாண்ட்விச்சையும் மோரையும் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அரைத்துக் குடித்துவிட்டார். தான் வைத்த பெயருக்கு இவ்வளவு விசுவாசமாக நடந்துகொண்டவர் வேறு யாருமில்லை.

பெயர் நிலைத்ததில் ஒரு கிழவரின் கை இருக்கிறது. தொடக்கத்தில் மாசியூனஸ் தங்கள் வேலையை ‘புதிய டாடா’ என்றுதான் விளக்கினார். 1962 ஜூனில் வுப்பர்டாலில் அவர் எழுதிய உரையின் தலைப்பே அந்தச் சொல்லோடுதான் இருந்தது. அசல் டாடாக்காரரான ராவுல் ஹவுஸ்மனுக்கு அதைப் பற்றி எழுதியபோது, ‘புதிய’ என்ற ஒட்டுக்கு அர்த்தமில்லை, இசங்களும் பழசாகிவிட்டன, வெறுமனே ஃப்ளக்சஸ் என்றே சொல்லிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இன்னொருவர் பேரனாக இருக்காதே என்று தாத்தாவே சொன்ன புத்திமதி.

பிறகு பெயர் முன்னொட்டாகிப் பெருகியது. ஃப்ளக்ஸ் பெட்டி, ஃப்ளக்ஸ் படம், ஃப்ளக்ஸ் கடை, ஃப்ளக்ஸ் பூசை. 1971இல் ஜெஃப்ரி ஹெண்ட்ரிக்ஸ் தம்பதியர் பிரிந்தபோது ஃப்ளக்ஸ் மணமுறிவு. 1978 பிப்ரவரியில் மாசியூனஸே செய்துகொண்ட ஃப்ளக்ஸ் திருமணம். அதே ஆண்டு மே 9ஆம் தேதி கணையப் புற்றுநோயில் இறந்தவருக்கு நண்பர்கள் நடத்திய ஃப்ளக்ஸ் இறுதிச்சடங்கு. பெயரை அவர் ஒரு கம்பெனி முத்திரை மாதிரி காத்தார் என்பதும் நிஜம். படைப்புகளின் உரிமை ஃப்ளக்சஸ் என்ற கூட்டுப் பெயரில் இருக்க வேண்டும் என்றார். கட்டுப்படாதவர்களைத் தள்ளிவைத்தார். 1964 செப்டம்பரில் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் ‘ஓரிகினாலே’ என்ற மேடைப்படைப்பு நிகழ்ந்தபோது, அவரும் தோழர் ஹென்றி ஃபிளின்ட்டும் வாசலில் எதிர்ப்புத் தட்டியோடு நிற்க, பைக் முதலிய ஃப்ளக்சஸ்காரர்கள் உள்ளே மேடையில் இருந்தார்கள். பற்றவைக்கும் பொருள் என்று பெயர் வைத்துவிட்டு உறவை முறித்துக்கொண்டே போனதுதான் வேடிக்கை. எல்லா உறவும் முறிந்துவிடவில்லை. லிதுவேனியாவில் கவுனாஸ் நகரத்தில் அவரோடு சின்ன வயதில் படித்து, சோவியத் காலத்திலும் அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த இசை ஆய்வாளர் வைட்டவுடாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ், 1990இல் விடுதலை அறிவித்த லிதுவேனியாவின் தலைவரானார். ஒன்றாக இணைய வேண்டிய புரட்சிக்காரர்கள் என்று அறிக்கை சொன்னவர்களில் இப்படி ஒருவர் நாட்டுத் தலைமைக்கு வருவார் என்று மாசியூனஸ் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இன்று ஃப்ளக்சஸ் சாமான்களின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்றான சில்வர்மன் சேகரிப்பு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையால் திறந்து விளையாடச் செய்த பிளாஸ்டிக் பெட்டிகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கூடவே சுவர்க்குறிப்புகளிலும் கையேடுகளிலும் அந்தச் சொல்லின் பொருள் ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது: ‘ஓட்டம்’. கேட்க நன்றாக இருக்கிறது, யாருக்கும் முகம் சுளிக்காது. பேதியும் பற்றவைப்பும் விழுந்துவிட்டன. தமிழில் எழுதுகிறவர்களும் ‘பெருக்கக் கலை’, ‘பாய்மக் கலை’ என்று ஏதாவது ஒன்றை ஆக்கிவிடுவோம் என்று எனக்குப் பயம். சொல்லை ஃப்ளக்சஸ் என்றே எழுதுங்கள். பொருள் கேட்டால் மூன்றையும் சொல்லுங்கள், பேதியை முதலில் சொல்லுங்கள்.