குரோம்பேட்டைத் தோலும் இயந்திரப் பட்டையும்

ஓர் இயந்திரத்தில் சக்தி பிறக்கும் இடம் ஒன்று. அந்தச் சக்தியால் காரியம் நடக்கும் இடம் வேறு. இவ்விரண்டையும் இணைத்து நிற்கும் பட்டையைப் பற்றி நம் தொழில் சரித்திரங்கள் அதிகமாகப் பேசுவதில்லை. ஆயினும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று சென்னைக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்களின் பூர்வகதையில் தோலுக்கு இருந்த ஸ்தானத்தை அறிந்தவர்களுக்கு, இன்று ஏறி ஓட்டும் புல்வெட்டும் வண்டிக்கு மாற்று பெல்ட் வாங்கும்போது அனுசரிக்க வேண்டிய நியதியும் அதிலிருந்தே விளங்கும். வேலையின் தன்மையே பட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் அந்த நியதி.

பல்லாவரத்தில் தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமேறிய தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போயிற்று. அந்தத் தோலுக்கு ஒரு குறை உண்டு. ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறி அடிபட்டால் விறைத்து வெடித்துவிடும். இதன் கஷ்டத்தை நேரே அனுபவித்தவன், மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கிணற்றுப் பாசனம் செய்த குடியானவன். சாலோடு சேர்த்துக் கட்டிய தோற்குழாயை அவன் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. குரோமிய உப்பினால் தோலைப் பதனிடும் முறையை 1884இல் அமெரிக்காவில் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் உரிமை பெற்று வெளியிட்டிருந்தார். நீருக்கும் உஷ்ணத்துக்கும் ஈடுகொடுக்கும் அந்தத் தோல் நம் கவலைக்கு உகந்ததாகுமா என்று ஆராயும் பரிசோதனைகளை 1903இல் சென்னை ராஜதானியில் தொடங்கியவர், பொறியியல் பேராசிரியராக இங்கு வந்த ஆல்பிரட் சாட்டர்டன்.

அதே சாட்டர்டன், கவலைக்குப் பதிலாக எண்ணெய் எஞ்சினும் பம்பும் கிணற்று மேட்டில் அமைய வேண்டும் என்பதிலும் பேரூக்கம் காட்டினார். எஞ்சினின் பெருஞ்சக்கரத்திலிருந்து பம்பின் சிறு கப்பிக்குச் சுழற்சியைக் கடத்துவது பட்டை. அக்காலத்தில் உயர்ந்த பட்டை என்றால் அது தோற்பட்டையே. ஆக, கவலையோடு விடைபெற்றிருக்க வேண்டிய தோல், அதனை அகற்ற வந்த இயந்திரத்திலும் ஓர் உத்தியோகத்தைப் பெற்றுவிட்டது. சர்க்கார் தொழிற்சாலை நடத்துவது முறையன்று என்று 1910இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு விதித்த பின்பு, சர்க்கார் ஆதரவில் தொடங்கிய குரோம் தோல் தொழில் தனியார் கைக்குச் சென்றது. 1912இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பே குரோம்பேட்டையாயிற்று.

பட்டைகளின் பொற்காலம் அதன் பின்னரும் நெடுநாள் நீடித்தது. ஒரே எஞ்சின், கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டைச் சுழற்ற, அதிலிருந்து பல பட்டைகள் இறங்கிப் பல யந்திரங்களை ஓட்டிய காட்சி, நெல் அரைக்கும் மில்களிலும் பட்டறைகளிலும் சாதாரணம். தட்டைப் பட்டை கழன்று போகாதபடி கப்பியின் நடுவைச் சற்றே மேடாகக் கடைந்தார்கள். வழுக்கினால் பிசின் பொடி தூவினார்கள். தாம்பரம் வழியே தெற்கே சென்ற ரயில்களிலும், பெட்டியின் அடியில் சக்கர அச்சோடு பட்டையால் பிணைக்கப்பட்ட டைனமோவே விளக்குகளுக்கு மின்சாரம் அளித்தது.

1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பரும் நூலும் கொண்டு செய்த வி-பெல்ட் இந்த ஏற்பாட்டை மாற்றியது. ஆப்பு வடிவான அந்தப் பட்டை கப்பியின் பள்ளத்தில் இருபக்கமும் இறுகிப் பிடிப்பதால், குறுகிய இடத்தில் குறைந்த இழுவிசையோடு மிகுந்த சக்தியைக் கடத்தும். நம் நாட்டிலேயே மதுரையின் ஃபென்னர் ஆலை போன்றவை அதைச் செய்யத் தொடங்கிய பின், தோற்பட்டை பின்வாங்கியது.

1937இல் தாம்பரத்தில் சுமார் 365 ஏக்கர் நிலத்தில் குடியேறிய கிறிஸ்துவக் கல்லூரியைப் போலப் பரந்த மைதானங்களை உடைய ஸ்தாபனங்கள் இப்பகுதியில் பல. அத்தகைய மைதானங்களுக்கு ஏற்ற ஏறி ஓட்டும் புல்வெட்டும் வண்டியில், சக்கரத்தை ஓட்ட ஒரு பெல்ட்டும் கத்தியைச் சுழற்ற மற்றொன்றும் இருக்கும். பல வண்டிகளில் இந்தப் பட்டையே கிளட்சும் ஆகிறது: துணைக் கப்பி ஒன்று அதை இறுக்கினால் ஓட்டம், தளர்த்தினால் நிறுத்தம். ஆகையால் அது நாள்தோறும் பலமுறை உராய்ந்து வழுக்கும்படி நேர்கிறது. இதற்கென்று அராமிட் நூலும் தடித்த துணி உறையும் கொண்டு செய்த பட்டை இருக்க, மாவு மில்லுக்கான சாதாரண ரப்பர் பட்டையை மாட்டினால் அது சூடேறிக் கருகிவிடும்.

அளவிலும் கண்மதிப்பு உதவாது. வி-பெல்ட்டுகளில் ஏ வகையின் எண் உள்சுற்றைக் குறிப்பது. 4எல் வகையின் எண்ணோ வெளிச்சுற்றைக் குறிப்பது. ஏ-41 என்பதும் 4எல்430 என்பதும் 43 அங்குல வெளிச்சுற்றும் அரை அங்குல அகலமும் கொண்டவையே. ஆனால் ஒன்று தொழிற்சாலை வேலைக்கு, மற்றொன்று இலகுவான வேலைக்கு. பழைய பெல்ட் நீண்டு தேய்ந்திருக்கும் என்பதால் அதை அளந்து முடிவு செய்வதைவிட, வண்டியின் கையேட்டில் உள்ள பாகத்தின் எண்ணைப் பார்ப்பதே உத்தமம். கப்பியின் பள்ளத்தின் அடியைப் பெல்ட் தொட்டு ஓடுமானால், பெல்ட்டோ கப்பியோ தேய்ந்துவிட்டது என்று தெளிக.

குரோமியத் தோல் இவ்வட்டாரத்துக்குத் தந்த ஜீவனத்தோடு, நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீருக்கு இழைத்த தீங்கையும் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும். எனினும், கவலையின் தேவையிலிருந்து தோலையும், எஞ்சினின் தேவையிலிருந்து பட்டையையும் தேர்ந்த அந்தத் தலைமுறையின் விவேகம் போற்றத்தக்கது. பொருளின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னால் அது செய்ய வேண்டிய வேலையை அறிந்துகொள்ளும் அந்தப் பழக்கம், நம் பட்டறைகளிலும் கடைகளிலும் மீண்டும் வேரூன்ற வேண்டும்.