கிழிசல் இருந்தாலே தைக்கணுமா?

தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. அதன் விளிம்பைச் சுற்றி லேப்ரம்னு ஒரு குருத்தெலும்பு வளையம், பந்து நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இடுப்பு மூட்டிலும் இது உண்டு. கிழிந்தால் என்ன செய்வது?

தோள் அடிக்கடி நழுவுறவங்களுக்கு அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடச் சொல்கிறது, ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள பழைய கிரேக்க நூல். தழும்பு இறுகி மூட்டைப் பிடிச்சுக்கும்ங்கிற கணக்கு! கோளாறு அந்த விளிம்பில்தான் என்று 1906இல் ஜெர்மனியின் பெர்தெஸும் 1923இல் இங்கிலாந்தின் பேங்கார்ட்டும் எழுதினார்கள். பிய்ந்த லேப்ரத்தை எலும்போடு சேர்த்துத் தைக்கும் அறுவைக்கு இன்றும் பேங்கார்ட் பெயர்தான்.

பிறகு ஆர்த்ரோஸ்கோப்பி வந்தது. தோளின் மேல்பக்கக் கிழிசலுக்கு 1990இல் ஸ்னைடர் 'ஸ்லாப்' என்று பெயர் வைத்தார். அதையும் தைக்க ஆரம்பிச்சாங்க. ஆனா 2017இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று 118 பேரை மூன்றாகப் பிரித்தது: லேப்ரம் தையல், பைசெப்ஸ் தசைநாண் அறுவை, எதையும் சரிசெய்யாத போலி அறுவை. இரண்டு வருஷம் கழித்தும் பெரிய வித்தியாசமில்லை.

இடுப்புக் கதை வேறு. லேப்ரத்தைக் கிழிக்கும் எலும்பு உரசலுக்கு பிரிட்டனில் 348 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வந்தது. பிசியோதெரபியிலும் வலி குறைந்தது. அறுவையில் கொஞ்சம் கூடுதலாக.

ஆக, ஸ்கேனில் கிழிசல் தெரிவது மட்டும் போதாது. மூட்டு நழுவுதா, வலி மட்டுமா? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.