பல்கலைக்கழகத்தை விட்டுப் போகாதவர்கள்

எமது சமூகத்தில் பல்கலைக்கழகப் பட்டம் என்பது பெரும்பாலும் சுவரில் மாட்டப்படும் ஒரு புகைப்படத்துடன் முடிந்துவிடுகிறது. கறுப்பு அங்கி, கையில் பட்டச் சுருள், இருபுறமும் பெற்றோர். அதன் பின்னர் நியமனக் கடிதம், திருமணம், இடமாற்றம் என்று வாழ்க்கை ஓடிவிடும். படித்த இடத்துடனான உறவாக எஞ்சுவது பழைய மாணவர் ஒன்றுகூடலும் இராப்போசனமும் மட்டுமே. இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒருவனுக்கு முதலில் தேவைப்படுவது சம்பளம் என்பதை நன்கறிவேன். ஆயினும், இலங்கைத் தமிழ் எழுத்தின் வரலாற்றையும் அதன்பின் வந்த தமிழ்க் கணிமையின் வரலாற்றையும் ஒருசேரப் பார்க்கும்போது, இவ்விரண்டையும் தாங்கி நின்றவர்களில் பலர் பட்டம் பெற்ற பின்னும் பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவர்கள் என்பது தெரிகிறது. அவர்கள் இல்லாத இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்கு எனது ஊரே சாட்சி.

நான் பிறந்த தெரணியகலை, கேகாலை மாவட்டத்தில் சீதாவாக்கை ஆற்றை அண்டிய ஊர். வெளியூரார் பலருக்கு அப்பெயரைக் கேட்டதும் தொல்லியலாளர்களான தெரணியகல குடும்பத்தினரே நினைவுக்கு வருவர். பி. ஈ. பி. தெரணியகல தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கியவர். சப்ரகமுவ மண்ணில் கிடைத்த பலாங்கொடை மனிதனை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எலும்புகளைக் கவனமாகத் துடைத்து எடுத்து இலக்கமிட்ட இந்த மாகாணத்தில், நூற்றைம்பது ஆண்டுக்குள் அடங்கும் தோட்டத் தமிழரின் கடதாசிகளுக்கு இலக்கமிடுவார் இல்லை என்பது வேறு கதை.

கடதாசி என்று சொன்னேன். மலையகத் தமிழருக்கு அது வெறும் தாள் அல்ல. 1921 இல் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் கடனைச் சுமந்த 'துண்டு' என்ற ஒரு சீட்டு அவனை ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்குக் கைமாற்றியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இந்த நாட்டில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயங்களில் வாழ்ந்தவர்கள் அதனை எங்கே தேடுவது? கடதாசி இல்லாத காரணத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றவரின் நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது. பழைய தாள்களைச் சேர்த்து வைப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று எவரேனும் கூறினால் எனக்குக் கோபம் வருவது இதனாலேயே.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கி, பத்தாண்டுகளில் பேராதனைக்கு இடம் மாறியது. அதன் முதற் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர் 1943 இல் பொறுப்பேற்றார். அவரது பட்டம் இலங்கையிலிருந்தபடி 1920 இல் பெற்ற லண்டன் விஞ்ஞானப் பட்டம் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1930களில் சென்னையில் நடந்த அறிவியற் கலைச்சொல்லாக்க முயற்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. இலக்கியமும் விஞ்ஞானமும் இரு வேறு முகாம்கள் என்ற எண்ணம் எமது பல்கலைக்கழகத் தமிழின் தொடக்கத்தில் இருக்கவில்லை. பிற்காலத்தில்தான் கலைப்பீடத்தார் கணினிக்கு அஞ்சவும், பொறியியற் பீடத்தார் கவிதைக்கு அஞ்சவும் கற்றுக்கொண்டனர்.

பேராதனையின் தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்னும் ஆண்டிதழை வெளியிட்டு வந்தது. 1960களின் முற்பகுதியில் மாணவர்களின் சிறுகதைகள் 'கதைப் பூங்கா', 'விண்ணும் மண்ணும்' போன்ற தொகுதிகளாக வெளிவந்தன. செங்கை ஆழியான், செம்பியன் செல்வன், செ. யோகநாதன் ஆகியோர் அந்தச் சூழலில் உருவானவர்கள். மாணவ சஞ்சிகை என்றால் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் நிறைந்திருக்கும் என்று எண்ணுவோர் அத்தொகுதிகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் நான் இங்கு அழுத்திக் கூற விரும்புவது க. கைலாசபதியைப் பற்றி. பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அவரிடம் தனிப்பட்ட உரிமை உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்! 1950களில் பேராதனையில் பட்டம் பெற்ற அவர் கொழும்புக்கு வந்து, 1959 இல் 'தினகரன்' ஆசிரியரானார். வயது இருபத்தாறு. இரண்டு ஆண்டுகளே அப்பதவியில் இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில் ஒரு நாளிதழின் பக்கங்களை இளம் எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டார். தேசிய இலக்கியம் பற்றிய விவாதம் விரிவுரை மண்டபத்தைத் தாண்டி, தேநீர்க் கடைக்கு வந்தது. 1961 இல் அவர் பேராதனைக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். பர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதற் தலைவரானார். 1982 டிசம்பரில், ஐம்பது வயதை எட்டு முன்னரே மறைந்தார். பல்கலைக்கழகத்துக்கும் பத்திரிகைக்கும் இடையே அவர் நடந்த அந்தப் பாதையே ஒரு தலைமுறையின் எழுத்தை உருவாக்கியது. அவரது திறனாய்வு முடிவுகள் எல்லாவற்றுடனும் நான் உடன்படுபவன் அல்லன். கட்சி நோக்குச் சில நல்ல எழுத்தாளரை அவர் கண்ணிலிருந்து மறைத்தது என்றே கருதுகிறேன். ஆயினும் அந்தப் போக்குவரத்து நின்றுபோன பின்னர், பத்திரிகைகளின் இலக்கியப் பக்கங்களும் இளைத்தன, பல்கலைக்கழகச் சஞ்சிகைகளும் இளைத்தன.

மலையகத்தில் இந்தப் போக்குவரத்து மிகத் தாமதமாகவே ஆரம்பித்தது. காரணம் எளிது. போய்வருவதற்குப் பட்டதாரிகளே இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது எழுபதுகளில்தான் தொடங்கியது. நுவரெலியாவைப் போல் தோட்டங்கள் தொடர்ச்சியாக அமையாமல், சிங்களக் கிராமங்களுக்கு இடையே தீவு தீவாகக் கிடக்கும் சப்ரகமுவவில் உயர்தரம் வரை தமிழில் படிப்பதே பெரும்பாடு. ஆகவே மலையக எழுத்தை முதலில் தாங்கியவர்கள் ஆசிரியர்களும் தோட்ட உத்தியோகத்தரும் தொழிற்சங்கத்தினருமே. தலவாக்கலையிலிருந்து 1947 இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, போட்டிக் கதைகளைத் தொகுத்து 1971 இல் வெளிவந்த 'கதைக்கனிகள்', கோ. நடேசய்யரின் வாழ்வை மீட்டுத் தந்த சாரல் நாடன் என்று இந்த வரிசை நீளும். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். பல்கலைக்கழகங்கள் செய்யத் தவறிய வேலையை அவர் செய்தார்.

விதிவிலக்காக எனக்குத் தோன்றுபவர் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன். பத்திரிகையில் எழுதினார், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றினார், 'வைகறை' வெளியீடாகத் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியை 1979 இல் கொண்டுவந்தார். பின்னர் சிறை, புலம்பெயர்வு, லண்டன். அவரது 'கூலித்தமிழ்' 2014 இல் வெளிவந்தது. 1869 இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பி கிருஷிக் கும்மி' போன்ற, எவரும் தேடாத நூல்களைத் தேடிப்பிடித்து எழுதப்பட்ட கட்டுரைகள் அவை. பதவி போய், நாடும் கைவிட்டுப் போன பிறகும் ஆய்வை விடாதவரின் நூல் அது.

1981 மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாண பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. நூலக எரிப்பை உலகம் அறியும். லயங்களில் எரிந்த தகரப்பெட்டிகளுக்குள் எத்தனை பிறப்புச் சான்றிதழ்கள், எத்தனை பாட்டுக் கொப்பிகள் இருந்தன என்பதை எண்ணியவர் எவருமில்லை. ஒரேயொரு பிரதியாக இருப்பது எதுவும் பாதுகாப்பானதன்று என்ற பாடத்தை அந்த ஆண்டு எமக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்துக்கான விடை கணினி வழியாக வந்தது. ஆனால் உடனே வரவில்லை.

மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவிலேயே 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கல்லூரி ஆசிரியப் பணியுடன் இணையத் தமிழுக்காக உழைத்தார். 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் நடந்தன. பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கை வைத்திருந்தது. எமது பத்திரிகை அலுவலகங்களில் ஆட்சி செய்தது 'பாமினி'. அதில் 'அம்மா' என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் சில ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் தெரியும். அம்மா அரைப்புள்ளியாகிவிட்ட காலம் அது. தன்னார்வலர்கள் கூடி 'திஸ்கி' என்ற குறியேற்றத்தை வகுத்தனர். தமிழ்நாட்டரசு 1999 இல் 'தாம்', 'தாப்' என இரண்டை அறிவித்தது. 1991 முதலே யுனிகோட்டில் தமிழுக்கு இடமிருந்தும், அது பரவலான பாவனைக்கு வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது 2010 இல்.

இந்தக் குழப்பத்தின் நடுவே, சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இரசாயன ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தை ஆரம்பித்தார். உலகெங்குமிருந்த பொறியியலாளரும் மருத்துவரும் இல்லத்தரசிகளும் பழந்தமிழ் நூல்களை வீட்டிலிருந்து தட்டச்சுச் செய்து கொடுத்தனர். தமிழ்த் துறைகளின் பங்களிப்பு சொற்பமே.

ஈழத்து நூல்களுக்கென 'நூலகம்' திட்டம் 2005 ஜனவரியில் தொடங்கியது. தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரு இளைஞர்கள் ஆரம்பித்த அத்திட்டத்துக்கு உறுதுணையாக நின்ற மூத்தவர்களுள் லண்டனில் வாழும் இ. பத்மநாப ஐயரைத் தனியே குறிப்பிட வேண்டும். அவர் ஒரு விஞ்ஞானப் பட்டதாரி. தாமே எழுதிக் குவித்தவர் அல்லர். பிறர் எழுதியதைச் சுமந்தவர். ஈழத்து எழுத்தைத் தமிழகத்தில் அச்சேற்ற எழுபதுகள் தொட்டு அலைந்தார். 1985 இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' கவிதைத் தொகுதியின் தொகுப்பாளர்களுள் ஒருவர். லண்டன் சென்ற பின் 'கிழக்கும் மேற்கும்', 'இன்னுமொரு காலடி', 'யுகம் மாறும்' என்று புலம்பெயர்ந்தோர் எழுத்தைத் தொகுத்தார். வயது அறுபதைத் தாண்டிய நிலையில், தம்மைவிட நாற்பது வயது இளைய கணினிப் பிள்ளைகளுடன் சேர்ந்து பழைய சஞ்சிகைகளைத் தேடினார். அச்சு யுகத்துக்கும் கணினி யுகத்துக்கும் இடையே பாலம் போட்டவர் யார் என்று கேட்டால், நான் அவரையே காட்டுவேன்.

மற்றொருவர் இ. மயூரநாதன். கட்டடக்கலை பயின்றவர். தொழில் நிமித்தம் அமீரகம் சென்றார். 2003 இன் இறுதியில், ஏறத்தாழ வெறுமையாக இருந்த தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தந்தார். கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. கலைக்களஞ்சியம் எழுதுவது பேராசிரியர் குழுவின் வேலை என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

நூலகத்தில் மலையகத்துக்கும் இன்று ஒரு பகுதி உண்டு. மலையகம் 200 என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தபோது, பழைய ஆவணங்கள் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. சப்ரகமுவ மாகாணத்திலேயே பெலிஹுல்ஓயாவில் ஒரு பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இயங்குகிறது. அங்கே கணினியும் கற்பிக்கப்படுகிறது. எனது காலத்தில் தெரணியகலையிலிருந்து பேராதனைக்குப் போனவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பட்டதாரி ஆசிரியர்களாக அதே பாடசாலைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

எஞ்சியிருப்பவை சிறிய பொருட்களே: காமன் கூத்துப் பாடல்களைப் பிரதி எடுத்த அப்பியாசக் கொப்பிகள், கோயில் திருவிழா அறிவித்தல்கள், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், றோனியோ பிரதியாக வந்த பாடசாலைச் சஞ்சிகைகள், விளிம்பு செல்லரித்த புகைப்படங்கள். இவற்றை மின்வருடுவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கைத்தொலைபேசியே போதும். கடினமான பகுதி அதன் பின்னர் வருகிறது. எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று எழுத வேண்டும். பிரட்டுக்களத்தில் தலைப்பாகையுடன் நிற்பவர் பெரிய கங்காணியா, கணக்கப்பிள்ளையா என்பதை ரொறன்ரோவில் இருக்கும் தன்னார்வலர் சொல்ல முடியாது. பார்த்தவுடன் சொல்லக்கூடிய, எண்பது வயதைத் தாண்டிய சிலர் தெரணியகலைப் பக்கத்து லயங்களில் இன்னமும் இருக்கிறார்கள்.