தாய்வழி வந்த பொம்மைகள்: விவேக் நகரும் நவராத்திரி வாரமும்

பெங்களூரு விவேக் நகர் என்றதும் பலர் நினைவுக்கு முதலில் வருவது குழந்தை இயேசு திருத்தலம். வியாழக்கிழமைகளில் அங்கே கூடுவோர் கத்தோலிக்கர் மட்டும் அல்லர். மெழுகுவர்த்தியும் மாலையும் ஏந்தி வரும் இந்துக் குடும்பங்களும் உண்டு. அவ்வழிபாட்டின் மூல உருவம் செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கிறது. மரத்தின்மேல் மெழுகு பூசிய, ஏறத்தாழ 47 செ.மீ. உயரமுள்ள சிறிய சுரூபம் அது. ஸ்பெயின் நாட்டுப் பிரபு குலத்தைச் சேர்ந்த மரியா மன்ரிக்கே டி லாரா என்னும் பெண், பொகீமியாவுக்கு மணமாகிச் சென்றபோது அதை உடன் கொண்டுசென்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னர் தம் மகள் பொலிக்சேனாவுக்கு அதைத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். பொலிக்சேனா 1628இல் அதைக் கார்மேல் சபைத் துறவியரிடம் ஒப்படைத்தார். உலகெங்கும் பரவிய அவ்வழிபாட்டின் தொடக்கத்தில் நிற்பது, தாய் மகளுக்குக் கொடுத்த ஒரு கல்யாணச் சீர்.

இச்செய்தியை இங்கே முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நவராத்திரி வாரத்தில் விவேக் நகரிலும் அதனை அடுத்துள்ள ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, அல்சூர் பகுதிகளிலும் பரணிலிருந்து இறங்கும் பழம்பொம்மைகளுள் பல இதே வழியில் வந்தவை. தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும், மணமான வீடுதோறும் இடம் மாறி வந்தவை. நிலப்பத்திரம் தந்தைவழியைச் சொல்கிறது. கொலுப்பெட்டி தாய்வழியைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காத குடும்ப வரலாறு பாதி வரலாறுதான் என்பதே இப்பதிவில் நான் சொல்ல வருவது.

கொலு என்ற சொல் அரசவையைக் குறிப்பது. மன்னன் அவையில் வீற்றிருத்தலைக் கொலுவிருத்தல் என்கிறோம். தெலுங்கில் கொலுவு என்பர். விசயநகரத்தில் மகாநவமி அரசவிழாவாக நடந்ததை 1520ஆம் ஆண்டு வாக்கில் அங்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ் விரிவாக எழுதியிருக்கிறார். விசயநகர வீழ்ச்சிக்குப் பின் ராஜ உடையார் 1610இல் சீரங்கப்பட்டணத்தில் தசரா விழாவைத் தொடங்கினார். அரசன் அவையில் அமர்ந்த அதே ஒன்பது நாள்களில் வீடுகளில் பொம்மைகள் படியேறி அமர்ந்தன. மைசூர் அரண்மனையின் நுழைவுப் பகுதியில் உள்ள பொம்மை மண்டபத்துக்குக் கொம்பெ தொட்டி என்று பெயர். கன்னட வீடுகளில் நடுநாயகமாக வைக்கப்படும் அரசன், அரசி பொம்மைகள் பட்டத கொம்பெ எனப்படும். தமிழ் வீடுகளில் அவ்விடத்தில் இருப்பது மரப்பாச்சி இணை. இரு மொழியினரிடத்தும் வழக்கம் ஒன்றே: மணமகளுக்குப் பிறந்த வீட்டார் அந்த இணையைக் கொடுத்து அனுப்புவர், அதைக் கொண்டே அவள் புகுந்த வீட்டில் தன் கொலுவைத் தொடங்குவாள்.

மரப்பாச்சிக்குச் செம்மரம் தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயல் அன்று. தென் ஆந்திர மலைகளில் இயற்கையாக வளரும் அந்த மரம் கனமானது. எளிதில் பூச்சி அரிக்காதது. மருத்துவக் குணம் உடையது என்ற நம்பிக்கையால் குழந்தைகள் அதைக் கடித்து விளையாட விட்டார்கள். கல்லில் இழைத்துப் பூசவும் செய்தார்கள். பழைய மரப்பாச்சிகளின் முகம் தேய்ந்திருப்பதற்கு அதுவே காரணம். அந்தத் தேய்வு பழுது அன்று. அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளின் தடம்.

இனி, பெங்களூருத் தமிழருக்கு இப்பொம்மைகள் ஏன் கூடுதல் பொருளுடையவை என்று பார்ப்போம். இந்நகரப் பகுதியில் தமிழின் தொன்மைக்குக் கல்லில் சான்று உண்டு. விவேக் நகருக்கு அருகே தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் அவ்வூர் தேசிமாணிக்கப் பட்டணம் என்று குறிக்கப்படுகிறது. ஆனால் இன்றைய கண்டோன்மென்ட் தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பாலானவை அதற்கு வெகுகாலம் பின்னர் வந்தவை. 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். சென்னைப் படையின் சிப்பாய்கள், அவர்களுக்குப் பண்டம் வழங்கிய வணிகர், ஒப்பந்தக்காரர், எழுத்தர், சமையற்காரர், கொத்தர் என்று வடதமிழகத்திலிருந்து பலர் உடன்வந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் வருகை பெருகியது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1947இல்தான் அது மைசூரிடம் மீண்டது.

இக்காலத்து ஆவணங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். படைப்பிரிவுப் பட்டியல், ஒப்பந்தம், சம்பளப் பதிவு, வீட்டுப் பத்திரம் ஆகியவற்றில் காண்பவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். பெண் ஒருத்தி வேலூரிலிருந்தோ ஆர்க்காட்டிலிருந்தோ மணமாகி இங்கு வந்தாள் என்பதை அவை அரிதாகவே சொல்லும். சொத்துரிமைச் சட்டமும் அவ்வாறே இருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான பிறப்புரிமை கர்நாடகத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிடைத்தது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. அதற்கு முன் பெண்ணுக்கென்று தனியே நின்றது சீதனம். மிதாட்சர நெறிப்படி சீதனம் மகன்களுக்கு முன்னர் மகள்களைச் சேரும். நகையும் பாத்திரமும் அதில் அடங்கும். ஆனால் நகை அழிக்கப்பட்டுப் புதிதாகும், பாத்திரம் ஈயம் போய் மாற்றப்படும். அழித்தால் காசு பெயராத பொம்மையே உருமாறாமல் நின்றது.

நவராத்திரி வாரம் இந்த ஆவணத்தைத் திறந்து படிக்கும் வாரம். மகாளய அமாவாசையன்று பெட்டி இறங்கும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, கலசமும் மரப்பாச்சியும் முதலில் ஏறும். ஓசூர், கோலார் தங்கவயல், சேலம் என்று பல ஊர்களிலிருந்து உறவினர் வருவர். அயல்நாட்டில் இருப்போரும் விடுப்பெடுத்து வருவர். வீடு முழுதும் மாவிலைத் தோரணமும் கோலமுமாக இருக்க, மாலையில் சுண்டலும் தாம்பூலமும் கைமாறும். அப்போது ஒரு பொம்மையைச் சுட்டி, இது யார் வீட்டுச் சீர் என்று ஓர் இளம்பெண் கேட்பாள். முதியவர் ஒருவர் விடை சொல்வார். ஊர், ஆண்டு, திருமணம், வாங்கிக் கொடுத்தவர் பெயர் எல்லாம் அந்த ஒரு விடையில் வரும். எழுதப்படாத அட்டவணை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு வாய்மொழியாகச் சரிபார்க்கப்படுகிறது. விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் பொதிந்து பெட்டியில் வைத்தபின் அடுத்த ஆண்டுவரை அந்த அட்டவணை மூடப்படும்.

இது ஒரு சமயத்தாருக்கோ சில சாதியினருக்கோ மட்டும் உரியது என்று கொள்ள வேண்டியதில்லை. கொலு வைக்கும் வழக்கம் எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருந்ததில்லை. உழைப்பாளர் குடும்பங்கள் பலவற்றில் அவ்விடத்தை வேறு பொருள்கள் நிரப்பின. விவேக் நகர்க் கிறித்தவ வீடுகளில் மார்கழியில் அமையும் குடிலும் பெட்டியிலிருந்து வெளிவரும் பொம்மைகளால் ஆனதே. புனித பிரான்சிசு 1223இல் கிரேச்சியோவில் தொடங்கி வைத்த குடில் மரபு இங்கே மண் பொம்மையாக வேர்விட்டது. மதுரை அருகே விளாச்சேரிக் கைவினைஞர் கொலுப் பொம்மையையும் குடில் சுரூபங்களையும் ஒரே கையால் செய்கிறார்கள். சேர்ந்து வந்த குடும்பம், சேமித்து வைத்த உருவம், சொல்லிக் கொடுக்கும் முதியவர் என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றே.

ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மையாவது வாங்கிச் சேர்ப்பது கொலு மரபு. ஆகவே பெட்டி, அகழாய்வுக் குழியைப் போல அடுக்கடுக்காகக் காலத்தைக் காட்டும். சில குறிப்புகள் பயன்படும். வெளிநாட்டுப் பீங்கான் பொம்மையின் அடியில் நிப்பான் என்ற ஆங்கிலப் பொறிப்பு இருந்தால் அது பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. உற்பத்தி நாட்டின் பெயரைப் பொறிக்கச் சொன்ன அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் விளைவு அது. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்னும் பொறிப்பு இருந்தால், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1952க்குள் செய்யப்பட்டது. இலக்குமி, சரசுவதி உருவங்கள் ரவி வர்மாவின் படங்களை ஒத்திருந்தால், அவர் 1894இல் அச்சகம் நிறுவிப் படங்களைப் பரப்பியதற்குப் பிந்தியவையாக இருக்க வாய்ப்பு மிகுதி. வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியது சென்னபட்டணத்து வேலை. பொம்மையைச் சுற்றியிருக்கும் பழைய செய்தித்தாளும் சான்றே; அது எந்த ஆண்டு பெட்டிக்குள் போனது என்பதற்குத் தேதியிட்ட சாட்சி.

இன்று இச்சான்றுகள் கலைந்துவருகின்றன. தனிவீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. பரண் இல்லாத வீட்டில் ஒன்பது படிப் பொம்மைகளுக்கு இடமில்லை. மறுபுறம், பழம்பொருளை வைத்து வரவேற்பறையை அழகுபடுத்தும் நாட்டம் வளர்ந்துள்ளது. பித்தளை விளக்கு, செட்டிநாட்டுத் தூண், தஞ்சாவூர் ஓவியம் ஆகியவற்றோடு மரப்பாச்சியும் கடைக்கு வருகிறது. வாங்குவோர் மேல் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் அப்பொருளை மதித்தே வாங்குகின்றனர். ஆனால் கடையில் பொம்மை தனித்தனியே விலையாகிறது. இணை பிரிகிறது. யாருடைய சீர் என்ற செய்தி விலைச்சீட்டில் ஏறுவதில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வயதையே அளவாகக் கொள்கிறது: கலைப்பொருளுக்கு 100 ஆண்டு, மதிப்புடைய கையெழுத்துப் படிக்கு 75 ஆண்டு. எழுபது வயதுப் பாட்டியின் கல்யாணப் பொம்மை இந்த அளவுக்குள் வராது. சட்டமும் சந்தையும் பொருளைப் பார்க்கின்றன. பொருளுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவைக் குடும்பம்தான் காக்க முடியும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். இந்த ஆண்டு பொம்மைகளைப் பெட்டியில் வைக்குமுன் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் அடியிலும் படமெடுங்கள். கொடுத்தவர், பெற்றவர், ஊர், திருமணம் அல்லது ஆண்டு ஆகிய நான்கையும் முதியோரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கொடுத்தவரை இன்னாரின் மனைவி என்று எழுதாமல் அவருடைய சொந்தப் பெயரால் எழுதுங்கள். பல குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுத்தில் ஏறும் முதல் இடம் அதுவாகவே இருக்கும். பழைய மண் பொம்மையை நீரில் கழுவாதீர்கள், புதுவண்ணமும் பூசாதீர்கள். பங்கு பிரிக்க நேர்ந்தால் இணையைப் பிரிக்காமல் ஒருவரிடம் கொடுத்து, பட்டியலின் படியை எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். விற்க நேர்ந்தாலும் பொம்மையோடு அந்தக் குறிப்பையும் கொடுங்கள். குடில் வைப்போர் மார்கழியில் இதையே செய்யலாம்.

பிராக் நகரத்துச் சுரூபத்தை நான்கு நூற்றாண்டுக்குப் பின்னும் இன்னார் இன்னாருக்குக் கொடுத்தது என்று சொல்ல முடிகிறது. மரியாவின் பெயரும் பொலிக்சேனாவின் பெயரும் எழுத்தில் நின்றதே அதற்குக் காரணம். நம் பரணில் உள்ளவற்றுக்கும் அத்தகைய பெயர்கள் உண்டு. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இந்த நவராத்திரியில் நம் கூடத்தில் அமர்ந்து சுண்டல் உண்ணும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.