கங்காரு புல் விதை உற்பத்தி

கங்காரு புல் விதை உற்பத்தி என்பது தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் சீரழிந்த நிலங்களை மீட்டெடுப்பதற்காக, அப்பகுதிக்கே உரிய கங்காரு புல்லின் (தெமிடா டிரையாண்ட்ரா) விதைகளைச் சேகரித்தும் பயிரிட்டும் பெறும் முறையாகும். இப்புல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியுள்ளது; நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளிலும் வளர்கிறது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேறிகளின் செம்மறியாட்டு மேய்ச்சலாலும், பின்னர் உழவாலும் உரமிடலாலும் இப்புல்வெளிகள் பெரிதும் அழிந்தன. விக்டோரியா மாநிலத்தில் எஞ்சியவற்றுள் பல, தொடர்வண்டிப் பாதையோரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் உள்ள சிறு துண்டுகளே. மீட்புப் பணிக்கான விதை முழுவதையும் இவற்றிலிருந்தே எடுத்தால் மூலப் புல்வெளியே நலிவடையும். எனவே விதைப் பாத்திகள் தேவைப்படுகின்றன.

விதையின் இயல்பு

காட்டில் இப்புல்லைக் காக்கும் பண்புகளே விதை உற்பத்தியாளருக்குத் தடைகளாகின்றன. கதிர்கள் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. முதிர்ந்த விதை உடனே உதிர்ந்துவிடும். முன்னதாக அறுத்தால் பதரே மிகும், தாமதித்தால் விதை மண்ணில் கிடக்கும். விதையின் நீண்ட கூர்முள் ஈரம்பட்டும் உலர்ந்தும் முறுக்கிக்கொண்டு விதையை மண்வெடிப்புக்குள் செலுத்துகிறது. அதே முள் விதைப்புக் கருவியில் சிக்கிக்கொள்ளும். மேலும், புதிய விதை உறக்கநிலையில் இருப்பதால் சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்த பின்னரே நன்கு முளைக்கும். புகையூட்டலும் முளைப்பைத் தூண்டும்.

முறைகள்

நாற்றுகளைக் களைத்தடுப்பு விரிப்பில் வரிசையாக நட்டு, விரிப்பின்மேல் உதிரும் விதையை உறிஞ்சு கருவியால் திரட்டுவது ஒரு முறை. பரந்த புல்வெளிகளில் சுழல் தூரிகை பொருத்திய அறுவடைக் கருவி பயன்படுகிறது. இது முதிர்ந்த விதையை மட்டும் பெரும்பாலும் கவர்வதால் அதே இடத்தில் மீண்டும் அறுவடை செய்யலாம்.

இவற்றினும் எளியது வைக்கோல் முறை. விதையுள்ள தாள்களைக் கோடையில் அறுத்து, மீட்கவேண்டிய நிலத்தில் பரப்புவர். விதைகள் தாமாகவே உதிர்ந்து, முள்ளின் உதவியால் மண்ணில் புதையும். பின்னர் வசந்த காலத்தில் வைக்கோலை எரித்துவிடுவர். கூர்முள்ளை நீக்க முயலாமல் அதன் வேலையைச் செய்யவிடுவதே இதன் சிறப்பு. எனினும் பெருமளவு தாள் தேவைப்படும்.

மரபுச் சிக்கல்

ஆஸ்திரேலியக் கங்காரு புல்லில் இரண்டு குரோமோசோம் தொகுதிகள் கொண்டவையும் நான்கு கொண்டவையும் உள்ளன. ஆகவே விதை எவ்விடத்தது என்பதைப் பதிவு செய்வது இன்றியமையாதது. பாத்தியில் ஒருசேர முதிரும் செடிகளின் விதையையே தலைமுறைதோறும் எடுத்துவந்தால், உதிரும் பண்பும் உறக்கநிலையும் குறைந்து, புல் மெல்ல மெல்லப் பயிராக மாறிவிடக்கூடும். நெல்லிலும் கோதுமையிலும் உழவர்கள் விரும்பிய இம்மாற்றம் இங்கு இழப்பாகும். இதனைத் தவிர்க்க, காட்டுச் செடிகள் பலவற்றிலிருந்து அவ்வப்போது புது விதை எடுத்துப் பாத்திகள் புதுப்பிக்கப்படுகின்றன.

நிலத் தயாரிப்பு

பழைய உரத்தால் எரியம் மிகுந்த மண்ணில் அயற்களைகள் முந்திக்கொள்ளும். அத்தகைய இடங்களில் களைவிதை நிறைந்த மேல்மண்ணைச் சுரண்டி அகற்றிய பின்னரே விதைக்கின்றனர்.